மிக்கி மவுஸ் கிட்ட வந்தா குழந்தை ஏன் அலறுது? செல்ஃபிக்கு முன்னாடி இதைப் படிங்க!

சோமனூரில் தறிச் சத்தம் கேட்காத நாட்கள் ரொம்பக் குறைவு. தீபாவளி லீவு அதில் ஒன்று. போனஸ் கைக்கு வந்ததும் வேன் பிடித்து, ரெண்டு மூணு குடும்பமாகச் சேர்ந்து கிளம்பிவிடுவார்கள். கருமத்தம்பட்டி, அன்னூர் வழியாகப் போனால் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர். சேலம் – கொச்சி நெடுஞ்சாலையைப் பிடித்தால் கொச்சி வொண்டர்லா.

அப்படி ஒரு லீவில் நாங்களும் ஒரு பார்க்குக்குப் போனோம். எந்தப் பார்க் என்பது இங்கே முக்கியம் இல்லை. வாசலிலேயே ஒரு பெரிய கரடி, அதாவது கரடி வேஷம் போட்ட ஓர் ஆள், கையை ஆட்டிக்கொண்டு வந்தார். என் அக்கா மகளுக்கு அப்போது ரெண்டரை வயசு. மாமா அவளைத் தூக்கி அப்படியே கரடி கையில் கொடுத்துவிட்டார். அவள் உடம்பை வளைத்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். நாங்கள் சிரித்தோம். வீடியோ எடுத்தது நான்தான். அன்று சாயங்காலம் அதை ஸ்டேட்டஸ் வைத்ததும் நான்தான்.

அமுச்சி மட்டும் சிரிக்கவில்லை. "கோழிக்குஞ்சாட்ட நடுங்குது புள்ள. உங்களுக்குச் சிரிப்பு வருதாக்கும்?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு, பெரிய பொம்மை நிற்கிற துணிக்கடைப் பக்கம் போனாலே அவள் அக்கா கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பொம்மை பார்த்துக் குழந்தை பயப்படுமா? டிவியில் அதே கரடியைப் பார்த்துக் கை தட்டினவள்தானே?

*டிவியில் பிடிக்குது, நேரில் ஏன் பயம்?*

முதல் காரணம், சைஸ். டிவியில் மிக்கி ஒரு சாண் உயரம். நேரில் வருகிற மிக்கி அப்பாவை விட உயரம், தலை மட்டுமே குழந்தையின் பாதி உடம்பு அளவு. மூணடி உயரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரெண்டாவது, முகம். ஆள் நல்லவரா கெட்டவரா என்று குழந்தை முகத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணும். வேஷ முகத்தில் கண் சிமிட்டாது, வாய் அசையாது, சிரிப்பு மாறாது. ஆனால் கை கால் மட்டும் மனுஷன் மாதிரி அசையும். ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-ல் எழுதிய ஒரு கருத்து இங்கே பொருந்தும். ஒரு உருவம் மனிதனைப் போலவே இருந்து, ஏதோ ஒன்றில் மட்டும் பிசகினால், நமக்கு இனம் புரியாத நெருடல் வரும் என்றார் அவர். பெரியவர்களுக்கே அப்படி என்றால், குழந்தைக்கு?

*"உள்ள ஒரு அண்ணன்தான் இருக்காரு" என்று சொன்னால் புரியாதா?*

வயசைப் பொறுத்தது. 1969-ல் அமெரிக்க உளவியலாளர் ரீட்டா டிவ்ரீஸ் வெளியிட்ட ஆய்வு ரொம்பப் பிரபலம். மேனார்டு என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளிடம் காட்டினார், தடவிப் பார்க்கச் சொன்னார். பிறகு பூனையின் தலைப்பக்கத்தை மறைத்து, நாய் முகமூடி மாட்டினார். வால் பக்கம் அந்த நேரம் முழுக்கக் குழந்தைகள் கண் எதிரிலேயே இருந்தது. ஆள் மாறாட்டம் எதுவும் நடக்கவில்லை.

அப்படியும் மூணு வயசுக் குழந்தைகள் பலர், 'இது இப்போ நாய்' என்றே நம்பினார்கள். ஆறு வயசுக்காரர்களில் பெரும்பாலானோர் 'முகமூடி போட்டாலும் பூனை பூனைதான்' என்று தெளிவாக இருந்தார்கள்.

அதாவது, ரெண்டரை வயசுப் பிள்ளைக்கு அது வேஷம் போட்ட அண்ணன் இல்லை. அது கரடிதான். நாம் அவளை நிஜக் கரடியிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறோம்!

*நாம சிரிச்சா பயம் போயிடாதா?*

இதுதான் சுவாரசியமான இடம். 1985-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒரு வயசுக் குழந்தைகளை ஒரு மேடையில் விட்டார்கள். நடுவில் பள்ளம் மாதிரி தெரியும், ஆனால் மேலே கண்ணாடி. எதிர்ப்பக்கம் அம்மா. அம்மா சந்தோஷமாக முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர் கூட வரவில்லை.

தெரியாத ஒன்றைப் பார்த்தால் குழந்தை நம் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. அதனால் நம் சிரிப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஆய்வில் தாண்டுவதா வேண்டாமா என்று முடிவெடுத்தது குழந்தை. அதை யாரும் தூக்கிக் கண்ணாடி மேல் போடவில்லை. அழுகிற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்தால், "நான் கூப்பிட்டாலும் அம்மா வரமாட்டா" என்பதுதான் அதற்குப் போய்ச் சேரும்.

இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. சாப்பிடாவிட்டால் "பூச்சாண்டி புடிச்சுட்டுப் போயிடுவான்" என்கிறோம். பிறகு பெரிய முகம் வைத்த ஓர் உருவத்தைக் காட்டி, "போய்க் கட்டிப்புடி கண்ணு" என்கிறோம். எதை நம்பும் குழந்தை?

*நம்ம ஊர் வேஷங்களைப் பார்த்து யாரும் இப்படி அழலையே?*

அழுதிருப்பார்கள். ஆனால் திருவிழாவில் புலியாட்டத்தையும் பொய்க்கால் குதிரையையும் நாம் அப்பா தோளில் உட்கார்ந்து, கூட்டத்துக்கு வெளியே இருந்து பார்த்தோம். கிட்டப் போவதா, எட்ட நிற்பதா என்பது நம் கையில் இருந்தது.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை விஜிபி-யின் 'சிலை மனிதர்' நினைவிருக்கிறதா? லண்டன் அரண்மனைக் காவலர்களைப் பார்த்து வந்த யோசனை அது. அவர் அசையவே மாட்டார். எவ்வளவு பக்கத்தில் போவது என்று குழந்தையே தீர்மானிக்கலாம். 2022 செஸ் ஒலிம்பியாட்டின்போது ஊரெங்கும் நின்ற வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' சிலையும் அப்படித்தான். பயம் பெரும்பாலும் உருவத்தால் மட்டும் வருவதில்லை. அது நம்மை நோக்கி நடந்து வரும்போதுதான் வருகிறது.

*உள்ளே இருப்பவருக்கு என்ன கஷ்டம்?*

1955-ல் அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, பனிச்சறுக்கு நிகழ்ச்சிக் குழுவான ஐஸ் கபேட்ஸிடம் இரவல் வாங்கிய உடைகளைத்தான் போட்டார்கள். இன்றைக்கு அங்கே வேஷக்காரர்களுக்குத் துணையாக ஓர் ஊழியர் கூடவே நிற்பார்.

நம் ஊர்க் கல்யாண மண்டபத்திலும் பிறந்தநாள் பார்ட்டியிலும் சோட்டா பீம் வேஷம் போடுகிறவருக்கு அந்தத் துணை பல நேரம் கிடையாது. பஞ்சு அடைத்த உடைக்குள் வேர்த்துக் கொட்டும். வாய் ஓட்டை வழியாகவோ, கண் வலை வழியாகவோதான் வெளியே தெரியும். காலடியில் நிற்கிற குழந்தை அவர் கண்ணில் படாமல் போகலாம். அழுவதைப் பார்த்து அவர் ஒதுங்காததற்கு அதுவும் ஒரு காரணம். வாலைப் பிடித்து இழுப்பது, தலையில் தட்டுவது எல்லாம் விளையாட்டு இல்லை. அவர் வேலை பார்க்கிறார்.

*அப்போ என்னதான் பண்ணலாம்?*

• போகிறதுக்கு முன்பே போட்டோவோ வீடியோவோ காட்டுங்கள். "இது அங்க நம்ம உயரத்துக்கு இருக்கும்" என்று சொல்லிவிடுங்கள்.

• முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள். மற்ற பிள்ளைகள் கை கொடுப்பதைப் பார்க்கட்டும்.

• நீங்கள் முதலில் போய்க் கை கொடுங்கள். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து கேளுங்கள்: "போலாமா, டாட்டா மட்டும் காட்டலாமா?"

• 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். "பெரிய புள்ள அழலாமா" வேண்டாமே. 'யாராவது தொட்டா வேண்டாம்னு சொல்லு' என்று வீட்டில் சொல்லிக் கொடுக்கிற நாம், அவள் முதல்முறை வேண்டாம் என்று சொல்லும்போது கேட்க வேண்டாமா?

• அழுகிற வீடியோவை ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். (இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.)

• மாதக்கணக்கில் பயம் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வருஷம் மறுபடியும் போனோம். அக்கா மகளுக்கு இப்போது மூணரை. வாசலில் ஒரு முயல் வேஷம் நின்றது. அவள் அமுச்சியின் சேலைக்குப் பின்னாடி நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். முயல் கை ஆட்டியது. அவளும் ஒரே ஒரு தடவை கை ஆட்டினாள். அப்புறம், "போலாம்" என்றாள்.

போனோம். போட்டோ எதுவும் எடுக்கவில்லை.