மூக்கில் ரத்தமா? அலட்சியம் வேண்டாம்!

குடவாசலில் ஒரு தச்சர் என்று வைத்துக்கொள்வோம். கதவு, நிலை செய்கிறவர். அவருக்கு ஒரு பக்க மூக்கு மட்டும் அடைக்கிறது. "மார்கழிப் பனி" என்கிறாள் மனைவி. "பீனிசம்" என்கிறாள் மாமியார். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறார்.

பனி போய்விட்டது. அடைப்பு போகவில்லை. ஒரு நாள் துண்டில் ரத்தம்!

"உடம்புச் சூடு" என்று சும்மா இருக்கலாமா? கூடாது.

மூக்கிலும் வரும்

புற்றுநோய் மூக்கின் உள்ளேயும் வரும். மிக அரிதாகத்தான் வரும். மூக்கடைப்புக்குப் பெரும்பாலும் சளியோ, சாதாரணச் சதை வளர்ச்சியோதான் காரணம். ஆகவே, பயம் வேண்டாம்.

ஆனால், ஒரே பக்கம் அடைத்து, பல வாரம் நீடித்து, ரத்தமும் வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். கன்னம் மரத்துப் போவது, மேல் பல் ஆடுவது, கண் பிதுங்குவது ஆகியவை இன்னும் பெரிய எச்சரிக்கை.

மரத்தூள்

தச்சரை ஏன் சொன்னோம்? காரணம் உண்டு.

இங்கிலாந்தில் ஹை வைகோம்ப் என்று ஓர் ஊர். நாற்காலி செய்வதில் பெயர் பெற்றது. அந்தப் பக்கத்து மரத்தொழிலாளர்களுக்கு இந்த நோய் அதிகம் வருவதை 1960-களில் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பல வருடம் மரத்தூளைச் சுவாசித்ததே காரணம்! தச்சர்கள் முகமூடி கட்டிக்கொள்வது நல்லது.

கடுகளவு சதை

விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயை விட்டு டாக்டர் மூக்கினுள் பார்ப்பார். கட்டி கண்ணுக்கும் மூளைக்கும் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும். பிறகு, சிறிது சதையை எடுத்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனைதான் தீர்ப்புச் சொல்லும்.

நோய் என்று தெரிந்தால், பெரும்பாலும் ஆபரேஷன். அதன்பின் கதிர் சிகிச்சை. சிலருக்கு மருந்தும் உண்டு. பல கட்டிகளை இப்போது முகத்தைக் கிழிக்காமல், மூக்குத் துவாரம் வழியாகவே எடுத்துவிடுகிறார்கள்.

தங்கையின் நினைவு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம்தான் 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக எழுந்தது. அன்று 12 படுக்கைகள். பிறகு கோபால்ட் கதிர்க் கருவியும் வந்தது. இன்று அது நாடறிந்த நிலையம்.

முதலிலேயே சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

சளி என்று தெரிந்தால் நிம்மதி. வேறு என்று தெரிந்தால், முன்னதாகத் தெரிந்தது பெரும் லாபம். தள்ளிப்போட்ட நாள் மட்டும் திரும்பி வராது!