ஓடுபாதையில் நெளியும் காற்று

இந்திய விமானப் படையில் 1963 முதல் 62 ஆண்டுகள் பணியாற்றிய மிக்-21 போர் விமானங்கள், அவற்றின் முதல் படைப்பிரிவு உருவான சண்டிகரிலேயே, 2025 செப்டம்பர் 26 அன்று முறைப்படி ஓய்வு பெற்றன. அவற்றைக் கடைசியாக இயக்கிய படைப்பிரிவான 23ஆம் ஸ்குவாட்ரன் பீகானேருக்கு அருகிலுள்ள நால் தளத்தில் இருந்ததால், பயணிகள் விமானங்களும் பயன்படுத்தும் சண்டிகர் ஓடுபாதைக்கு அவை வந்தது விடைபெறும் வருகையாகவே அமைந்தது. விமானப் படைத் தளபதி ஏ. பி. சிங் தாமே ஒரு விமானத்தைச் செலுத்தினார். தரையிறங்கியவற்றுக்கு இருபுறமும் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்யப்பட்டது.

இத்தகைய நிகழ்வைப் படமெடுப்பதில் வேகமே பெரிய சவால் என்று பலரும் கருதினாலும், உண்மையில் அது எளிதில் தீர்க்கக்கூடியது. மிக்-21 ஏறத்தாழ மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 83 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவதால், ஒளியை உள்ளே விடும் திரையாகிய ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடுவதற்குள் அது 8 சென்டிமீட்டர் மட்டுமே நகர்கிறது. விமானத்தோடு சேர்த்துக் கேமராவையும் சீராகத் திருப்பினால் அந்த நகர்வும் படத்தில் தெரிவதில்லை. சுழலும் விசிறி வெளியே இல்லாத ஜெட் விமானம் என்பதால், ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் விசிறி உறைந்து நின்றதுபோன்ற செயற்கைத் தோற்றம் வருமோ என்ற அச்சமும் இல்லை. பின்னணி வானம் மிகப் பிரகாசமாக இருந்து விமானத்தின் அடிப்பகுதி கருத்துப்போனால், படத்தில் விழும் ஒளியின் அளவாகிய எக்ஸ்போஷரைச் சற்றே உயர்த்துவது போதும்.

கேமரா அமைப்புகளால் தீர்க்க முடியாதது கேமராவுக்கும் விமானத்துக்கும் இடையிலுள்ள காற்றுதான். செப்டம்பர் இறுதியில் சண்டிகரின் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 58 பாகை உயரத்தில் நிற்கும். அந்த வெயிலில் காய்ந்த ஓடுபாதை தன்மேல் படிந்த காற்றைச் சூடாக்க, சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழுகிறது, குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு இறங்குகிறது. ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண், காற்றில் ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கே மாறுகிறது என்றாலும், ஒளிக்கதிர் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் சூடும் குளிர்ச்சியுமாகக் கலந்த இத்தகைய காற்றுக் குமிழிகளைக் கடந்து வரும்போது அந்தச் சிறு வளைவுகள் கூடிக்கொண்டே போகின்றன. காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலாகப் பார்த்தால் எதிர்ச்சுவரில் மாட்டிய நாட்காட்டியின் எழுத்துகள் நெளிவது இதே காரணத்தால்தான். இந்தக் கானலைத் தொலைநோக்கு வில்லையான டெலிபோட்டோ லென்ஸ் நீக்குவதில்லை. விமானத்தைப் பெரிதாக்கும் அதே அளவுக்கு நெளிவையும் பெரிதாக்கிக் காட்டுகிறது.

இதில் வியப்பூட்டும் கூறு ஒன்று உண்டு. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் நெளிவு மறைவதில்லை, அந்தக் கணத்து வடிவிலேயே உறைகிறது. அதனால் நேர்க்கோடாக இருக்க வேண்டிய இறக்கையின் விளிம்பு கடித்து எடுத்ததுபோலத் தோன்றுகிறது. வேகத்தைக் குறைத்தாலோ பல நெளிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, குவியம் தவறியதுபோல் மங்கல் உண்டாகிறது. விலையுயர்ந்த லென்ஸைப் பழுதென்று கருதித் திருப்பிக் கொடுப்பவர்கள், அதே லென்ஸால் அதே நாளில் மேலே பறந்த விமானத்தை எடுத்த படம் தெளிவாக இருப்பதைக் கவனித்தால் குற்றவாளி யாரென்று விளங்கும். வெயிலில் சூடேறிய லென்ஸ் மறைப்புக் குழலுக்குள் அடைபட்ட காற்றும்கூட இந்த நெளிவை உண்டாக்கவல்லது என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. விமானத்துக்கு நெருங்கிச் செல்வதும், தரை சூடாவதற்கு முந்தைய காலைப் பொழுதைத் தேர்வதும், உயரமான இடத்தில் நிற்பதுமே பயன்தரும் வழிகள்.

ஆனால் நெருங்கிச் செல்வது இந்தியாவில் ஒளியியலைவிடச் சட்டத்தைச் சார்ந்தது. பாதுகாப்புத் துறை விமான தளங்களில் அனுமதியின்றிப் படமெடுக்கத் தடை உள்ளது. பணியில் உள்ள விமானங்களுக்கு அது நியாயமே. எனினும் ஓய்வுபெறும் விமானத்துக்கு, தகுதியான ஒளிப்படக்காரர்களை ஓடுபாதையோரம் ஒரு காலைப் பொழுதேனும் நிற்கவிடுவதால் இழப்பு எதுவும் நேர்வதில்லை. அந்த வாய்ப்பு அமையாதவர்கள் தொலைவிலிருந்து எடுத்த கானல் படங்களைக் கணினி மென்பொருளிடம் ஒப்படைத்து, அவற்றில் பதிவாகவே இல்லாத ரிவெட்டுகளையும் எழுத்துகளையும் வரவழைத்துக்கொள்கிறார்கள். அது அலங்காரமே. ஆவணம் என்ற பெயரில் அதைச் சேமித்து வைப்பது பின்னாளில் ஆராய்பவரை ஏமாற்றும் செயல்.

மங்கலாக இருப்பினும் திருத்தப்படாத மூலக் கோப்பு, நாள், இடம், விமானத்தின் வரிசை எண் ஆகியவற்றோடு இருந்தால் வரலாற்றுக்குப் பயன்படும். அறுபது ஆண்டுகளில் பலமுறை வண்ணம் பூசப்பட்டு, உள்ளிருக்கும் கருவிகள் மாற்றப்பட்டு, மிக்-21 பைசன் என்ற வடிவம் வரை வந்துசேர்ந்த இந்த விமானங்களில் எந்த மாற்றம் எப்போது நேர்ந்தது என்பதை, அத்தகைய எண் தெரியும் படங்களை வரிசையாக அடுக்கியே அறிய முடிகிறது. விடைபெற்ற நாளில் அவை கூட்டமாகப் பறந்த காட்சியைப் பலர் எடுத்திருப்பார்கள். தரையிறங்கிய பின் வேகத்தைக் குறைக்க விரிந்த பாராசூட்டைச் சுருட்டிக்கொண்டிருக்கும் தரைப் பணியாளர்களை எடுத்தவர்கள் சிலரே இருக்கக்கூடும்.