மதகு ஓரக் கசிவு

ஏரிப் பாசனத்தை நம்பி நெல் பயிரிடும் காஞ்சிபுரம் வட்டார உழவர் பெருமக்கள், மழைக்கு முன் ஏரிக்கரையை ஒரு சுற்றுப் பார்ப்பது வழக்கம். கரை தாழ்ந்த இடமும் எலி வளையும் எளிதில் கண்ணில் படும். மதகுச் சுவரும் மண்கரையும் சேரும் ஓரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. மண்கரையில் நீர் வழி தேடிக்கொள்ளும் முதல் இடம் பெரும்பாலும் அதுவே.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது கரை நனைந்து உப்பி, நீரின் பாரத்தைத் தாங்குகிறது. சித்திரை, வைகாசியில் காய்ந்து சுருங்குகிறது. மதகின் கல்லும் செங்கல்லும் அவ்வாறு சுருங்குவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் மண், சுவரின்மேல் சிறிது உரசி நகர்கிறது. ஒரு தடவை நகர்வது நூலளவே. ஆனால் ஒவ்வோர் உரசலிலும் மண் துகள்கள் நெருங்கி அமர்வதால், அவை சுவரை அழுத்துவது குறைகிறது. அழுத்தம் குறையக் குறையப் பிடிப்பும் தளர்கிறது. தறியில் ஓயாது உரசும் பாவு இழை நைந்துபோவதை நம் ஊர் நெசவாளர் நன்கு அறிவர். மதகின் மேல் பாரம் ஏற்றிய டிராக்டரும் லாரியும் ஓடினால் இந்த உரசல் மேலும் பெருகும். மண் அமிழும், சுவர் அமிழாது.

மகாராட்டிரத்தில் பூனா அருகே பான்ஷெட் மண் அணை 1961 ஜூலை 12 அன்று உடைந்தது. கதவு வேலை முடியாத நிலையில் நீர் வெளியேறும் சுருங்கை வழியே வெள்ளம் அதிர்ந்து ஓட, அதன் மேலிருந்த மண் அமிழ்ந்தது. அணை அந்த இடத்தில்தான் போயிற்று. பூனா நகரம் வெள்ளத்தில் மூழ்கியது.

ஏரியில் நீர் நிற்கும்போது மதகின் வெளிப்புறத்தை வாரம் ஒரு முறையேனும் பாருங்கள். தெளிந்த நீர் சிறிது கசிந்தால் அளவைக் கவனித்து வந்தால் போதும். கலங்கிய நீர் வந்தால் கரையின் உள்ளிருக்கும் மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அப்போது வெளிப்புறத்தில் களிமண்ணை அப்பி அடைப்பது பெருந்தவறு. தடைபட்ட நீர் உள்ளே அழுத்தி வேறு வழி தேடும். முதலில் மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் எனப் பரப்ப வேண்டும். நீர் வெளியேறும், மண் நின்றுவிடும். களிமண்ணால் அடைப்பதெல்லாம் ஏரியின் உட்புறத்தில்தான்.

நிலையான சீரமைப்பைக் கோடையில் செய்யவேண்டும். சுவரோரத் தளர்ந்த மண்ணைப் படிபடியாக வெட்டி எடுத்துவிட்டு, ஈரப்பதமுள்ள களி கலந்த மண்ணை அரை அடிக்கும் குறைவான அடுக்குகளாக இட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். உருளை இயந்திரம் சுவரோரத்தை எட்டாது. இங்கே கைவேலையே சிறந்தது. களர் மண் கூடவே கூடாது, அது நீரில் தானே கரைந்து ஓடும். புதிய சுவர் கட்டும்போது மண் படும் முகத்தை வழவழப்பாகப் பூசாமல், 10 அடி உயரத்திற்கு 1 அடி வீதம் சாய்வாக அமைத்தால், கரை அமிழும்போதெல்லாம் மண் சுவரோடு இறுகும்.

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலையால் தேர்ந்தெடுத்த ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆட்களை அமர்த்திய வட்டாரம் இது.

மதகு ஓரத்தை நீங்களாகவே ஆழமாகத் தோண்ட வேண்டாம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரியானால் நீர்வளத் துறைப் பொறியாளரிடமும், சிறிய ஏரியானால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும், கசிவு கண்ட நாளையும் இடத்தையும் எழுதிக் கொடுங்கள்.