குழாய் வழியே வீட்டுச் சோறு

"பசியாறியாச்சா?" என்று கேட்டுத்தான் நம்மில் பலர் பேச்சையே தொடங்குவோம். பாசிர் கூடாங்கிலிருந்து அழைத்த ஒரு நேயரிடம், நிகழ்ச்சி முடிந்தபின் நானும் அப்படித்தான் கேட்டேன்.

"நான் பசியாறிட்டேன் தம்பி. மகனுக்குத்தான் இனிமே குழாய்ல ஊத்தணும்."

மகனுக்குப் பெருமூளை வாதம். வாயால் விழுங்கினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அதனால் வயிற்றில் பொருத்திய குழாய் வழியே டின் பால்மாவு. அது கொடுத்தாலே குமட்டல். சில வாரங்களாகச் சோறும் பருப்பும் கேரட்டும் அரைத்து ஊற்றுகிறார். "மிஸ்ஸிகிட்ட சொல்லல. ஏசுவாங்க."

அந்தச் "சொல்லல"தான் என்னை உறுத்தியது.

வயிற்றைக் கிழித்துத் திறக்காமல் இந்தக் குழாயைப் பொருத்தும் முறை, 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு கைக்குழந்தைக்குத்தான் முதலில் செய்யப்பட்டது. குழாய்க்கு டின் உணவே வழக்கமானது. அளவு துல்லியம், சுத்தம், அடைப்பும் குறைவு. ஆனால் 2011-இல் சின்சினாட்டி மருத்துவர்கள், இரைப்பை அறுவைக்குப் பின் ஓயாமல் குமட்டிய 33 குழந்தைகளுக்கு அரைத்த உணவு கொடுத்தார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குக் குமட்டல் பெருமளவு குறைந்ததாகப் பெற்றோர் கூறினர். சிறிய ஆய்வுதான். முன்பு இதைப் பரிந்துரைக்காத பிரிட்டிஷ் உணவியல் சங்கமும் 2019-இல் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

அப்படியென்றால் ஏன் சொல்ல வேண்டும்? கஞ்சிதான் காரணம். குழாயில் இறங்கவேண்டுமே என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவோம். வயிறு நிறையும், எடை இறங்கும். தண்ணீருக்குப் பதில் எதைச் சேர்ப்பது, எண்ணெய் எத்தனை கரண்டி என்று உணவியல் நிபுணர்தான் கணக்குப் போட முடியும். மூக்குவழிக் குழாய் மெல்லியது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்; வயிற்றுக் குழாயிலும் 14 பிரெஞ்சு அளவாவது இருப்பது நல்லது. உங்கள் பிள்ளையின் குழாய் எந்த அளவு என்பதைத் தாதி பார்த்துச் சொல்வார். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இது வேண்டாம். அரைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்; குளிர்பெட்டியில் ஒரு நாள்தான். அடைத்துக்கொண்டால் கம்பியால் குத்தவே கூடாது.

அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு அக்கா ஒரு வாரச் சமையலை நோட்டில் எழுதி எடுத்துப் போனார். மிஸ்ஸி ஏசவில்லை. "தண்ணி எவ்வளவு ஊத்துறீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாம். பையனை எடை போட்டார்கள். ஒரு கிலோ குறைந்திருந்தது. இப்போது மதியம் மட்டும் வீட்டுச் சாப்பாடு, மற்ற வேளைக்கு டின் பால்மாவு. மாதம் ஒருமுறை எடை பார்க்கிறார்கள்.

"ரசம் ஊத்தலாமான்னு கேட்டிருக்கேன் தம்பி," என்றார்.