பீடபூமிகள் உயரும் விதமும் காலமும்

பீடபூமி என்பது சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்து, மேற்பரப்பு ஏறத்தாழச் சமமாக அமைந்த நிலப்பகுதியாகும். உலகின் பெரிய பீடபூமிகள் பல, மலைத்தொடர்களை ஒட்டியே காணப்படுகின்றன. இமயமலைக்கு வடக்கே திபெத், ஆண்டிஸ் மலைகளுக்கிடையே அல்டிப்ளானோ, மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மைசூர்ப் பீடபூமி ஆகியவை எடுத்துக்காட்டுகள். மலையை உயர்த்திய விசையே பீடபூமியையும் உயர்த்தியது என்று வகுப்பில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன். திபெத்துக்கு அது பெருமளவு பொருந்தும். நம் பக்கத்துப் பீடபூமிக்குப் பொருந்தாது.

அடிப்படை விதியைப் பரிசலைக் கொண்டு விளக்கலாம். சுமை ஏற்றினால் பரிசல் ஆற்றில் அமிழும், இறக்கினால் மேலெழும். புவியின் மேலோடும் தனக்குக் கீழுள்ள அடர்த்தி மிகுந்த கவசத்தின்மீது இவ்வாறே மிதக்கிறது. தடித்த மேலோடு உயர்ந்து நிற்கும். அதன் அடிப்பகுதி ஆழமாக இறங்கியிருக்கும். இந்த உண்மை புலப்பட்டதில் இந்தியாவுக்குப் பங்குண்டு. 1802இல் சென்னையில் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோணவியல் நில அளவையில், பின்னாளில் வடஇந்தியாவில் இரு இடங்களுக்கிடையே 5.236 விகலை வேறுபாடு வந்தது. தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுத்ததே காரணம் என்று கருதிய பிராட் 1855இல் கணக்கிட்டபோது, வேறுபாடு அதைப்போல் மூன்று மடங்கு இருந்திருக்க வேண்டும் என்று விடை கிடைத்தது. மலைக்கு அடியில் எடை குறைந்த பாறை ஆழமாக வேர்விட்டிருப்பதால்தான் ஈர்ப்பு குறைந்தது என்று ஏரி விளக்கினார்.

திபெத்தில் இந்த வேர் மிகத் தடிமனானது. இந்தியத் தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதத் தொடங்கியது. அங்கே மேலோட்டின் தடிமன் இன்று ஏறத்தாழ 70 கி.மீ.; வழக்கமான கண்ட மேலோட்டைப்போல் இரு மடங்கு. ஆனால் முழுப் பீடபூமியும் ஒரே சமயத்தில் உயரவில்லை. நடுத் திபெத்தில் சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பனை இலைப் புதைபடிவம் கிடைத்துள்ளது. கடுங்குளிரில் பனைக் குடும்ப மரம் வளராது. ஆகவே அந்தப் பகுதி அன்று இன்றைய உயரத்தில் இருந்திருக்க முடியாது.

மைசூர்ப் பீடபூமியின் கதை நேரெதிரானது. இங்கு மோதல் இல்லை, பிரிவுதான் நடந்தது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து விலகியது. விலகிய விளிம்பே மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான மேற்குச் சரிவுக்குத் தொடக்கம். உண்மையில் அது பீடபூமியின் ஓரமே தவிர, இமயமலையைப்போல் மடிந்து எழுந்த மலையன்று. சரிவுக்கு மேலும் கீழும் உள்ள செம்புரை மண்ணின் மாங்கனீசுத் தாதுக்களின் வயதை அளந்ததில், 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் படி உருவாகிவிட்டது எனத் தெரிகிறது.

விளிம்பு உயர்ந்தது சரி, கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள உட்பகுதி ஏன் உயர வேண்டும்? நெடுநாள் விடையில்லாதிருந்த இக்கேள்விக்கு, 2024இல் தாமஸ் ஜெர்னன் குழுவினர் 'நேச்சர்' இதழில் ஒரு விளக்கம் தந்தனர். கண்டம் பிளக்கும்போது அதன் அடியில் கவசத்தில் ஏற்படும் கலக்கம், அலைபோல உள்நோக்கி நகர்கிறது. வேகம் பத்து லட்சம் ஆண்டுக்கு 15 முதல் 20 கி.மீ. வரை. போகும் வழியில் கண்டத்தின் கனத்த அடிப்பகுதியைச் சுரண்டிக் கழற்றிவிடுகிறது. சுமை இறங்கிய பரிசலாக நிலம் மேலெழுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் அவர்கள் ஆராய்ந்த மூன்று இடங்களில் ஒன்று. இது எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது; ஆயினும் இதை இறுதி முடிவாக மாணவர்கள் தேர்வில் எழுத வேண்டாம்.

மேற்கு ஓரம் உயர்ந்திருப்பதால் பீடபூமி கிழக்கே சாய்ந்துள்ளது. அரபிக்கடலுக்கு அருகில், 1,200 மீட்டருக்கு மேலுள்ள தலைக்காவிரியில் பிறக்கும் ஆறு, அக்கடலை விட்டுக் கிழக்கே திரும்புவது இதனால்தான். சிவசமுத்திரத்திலும் ஒகேனக்கல்லிலும் படியிறங்கி, ராஜா வாய்க்கால் பிரியும் ஜேடர்பாளையத்தை அடையும்போது அது 200 மீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. சாய்வு மறுபுறமாக இருந்திருந்தால் பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் ஏது?

கொல்லிமலையின் உச்சியும் ஒரு சிறு பீடபூமியே. உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏறியவர்கள், மேலே நெல்வயலைக் கண்டு வியப்பதுண்டு. இதன் சார்னோக்கைட் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானவை, 20 கி.மீ.க்கும் கீழான ஆழத்தில் உருவானவை. மேலிருந்த பாறை அத்தனையும் அரிக்கப்பட்ட பிறகே இவை வெளிவந்தன. கொல்லிமலை, சேர்வராயன் மலை இரண்டின் உச்சியிலும் பாக்சைட் உண்டு. நீண்டகாலம் அசையாதிருந்த, சாய்வு குறைந்த நிலத்தில் மழை ஊறி ஊறித்தான் பாக்சைட் உண்டாகும். எனவே இவ்வுச்சிகள் முன்பு பரந்து கிடந்த பழைய நிலத்தளம் ஒன்றின் எச்சங்கள் எனக் கருதப்படுகின்றன. இடையிலிருந்த நிலத்தை ஆறுகள் அரித்துச் சென்றுவிட்டன. ஆகாய கங்கை விழும் பாறைச் சுவரில் அந்த அரிப்பு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.