காத்திருக்கும் கிளேர்

அமெரிக்க எழுத்தாளர் ஆட்ரி நிஃபெனெக்கர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி டைம் டிராவலர்ஸ் வைஃப்’ என்னும் நாவல், சிகாகோ நகரத்து நியூபெரி நூலகத்தில் பணிபுரியும் ஹென்றி என்பவன், பிறவியிலேயே தேகத்தில் அமைந்த ஒரு விசித்திர வியாதியால், தன் இச்சையின்றி, உடுத்த வஸ்திரமும் இன்றி, வேறு வேறு காலங்களுக்குத் தூக்கியெறியப்படுவதையும், அவனுக்காக அவன் மனைவி கிளேர் ஆயுள் முழுவதும் காத்திருப்பதையும் வர்ணிக்கிறது.

இதைப் படித்துக் கண்ணீர் சிந்தியவர்கள் அநேகர். ஆனால், கிளேர் 6 வயதுச் சிறுமியாக இருக்கையிலேயே, 36 வயதுக் கணவன் வருங்காலத்திலிருந்து வந்து அவளோடு பழகத் தொடங்கும் கட்டத்தில் மனம் கசந்து புத்தகத்தை மூடியவர்களும் உண்டு; சுயமாகத் தேர்ந்தெடுக்கும் பருவம் வருமுன்பே அவளுடைய ஹிருதயம் நிர்ணயிக்கப்பட்டுவிட்டதே என்று அவர்கள் கேட்பதை அலட்சியம் செய்வதற்கில்லை. ஹென்றியோ தன் வாழ்க்கைக் கிரமத்தில் 28-வது வயதில்தான் அவளை முதன்முதலில் காண்கிறான். அப்போது 20 வயதான அவள் அவனை நன்கறிந்தவள், அவனுக்கோ அவள் அந்நியள். ஆகையால் யாரை யார் உருவாக்கினார் என்பதே விளங்குவதில்லை. நடந்ததை மாற்ற இயலாது என்ற நியதியை ஆசிரியை எங்கும் தளர்த்தவில்லை. அந்த உறுதியையே நான் இந்நூலின் மேன்மையாகக் கருதுகிறேன். எனினும், கிளேரின் சார்பில் எழும் கேள்விக்கு அந்த நியதி சமாதானமாகிவிடாது.