பனியன் ஊரில் இரண்டு ஊசிகள்

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு கையால் பின்னுகிறேன் என்று சொன்னால், எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஏனுங்க அக்கா, நம்மூர்ல இல்லாத நிட்டிங்கா? எதுக்குங்க இந்த மெனக்கேடு?" கேட்பதில் நியாயம் உண்டு. ஊரே பின்னல் துணியை நம்பித்தான் அடுப்பு பற்றவைக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு நிட்டிங் யூனிட்டில் ஃபிட்டர். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங். விளக்கு மேஜைமேல் ஓடுகிற துணியில் நீடில் லைன், ஓட்டை, எண்ணெய்க் கறை எங்கே இருக்கிறது என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அதை முடித்துவிட்டு வந்து, வீட்டில் மறுபடி நூலையும் ஊசியையும் எடுக்கிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லி முடிக்க நேரம் போதாத பதில் அது. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம்.

நீங்கள் போட்டிருக்கும் பனியனையோ டி-ஷர்ட்டையோ கொஞ்சம் இழுத்துப் பிடித்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் சின்னச் சின்ன 'V' வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். உள்பக்கம் திருப்பினால் அரைவட்டங்கள் தெரியும். நெசவுத் துணியில் பாவு, ஊடை என்று இரண்டு நூல் குறுக்கும் நெடுக்கும் போகும். இங்கே அப்படியில்லை. நூல் தன்னையே வளைத்து ஒரு கண்ணி போடுகிறது. அந்தக் கண்ணிக்குள் அடுத்த வரிசையின் கண்ணி நுழைகிறது. கையில் பின்னும்போது ஊசியைப் பழைய கண்ணிக்குள் விட்டு, நூலை ஒரு சுற்று சுற்றி, அந்தச் சுற்றை வெளியே இழுத்து, பழைய கண்ணியை ஊசியிலிருந்து நழுவவிட வேண்டும். இதை முன்னாலிருந்து செய்தால் நிட், பின்னாலிருந்து செய்தால் பர்ல். உலகத்தில் உள்ள ஸ்வெட்டர் டிசைன் அத்தனையும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

எங்கள் ஊர் மெஷினும் இதையேதான் செய்கிறது. 24 இன்ச் விட்டம், 24 கேஜ் (அதாவது இன்ச்சுக்கு 24 ஊசி) என்றால் அந்த வட்டத்தில் ஏறக்குறைய 1,800 ஊசி. ஒவ்வொரு ஊசியின் தலையிலும் ஒரு கொக்கி, கொக்கிக்குக் கீழே திறந்து மூடும் ஒரு குட்டி நாக்கு. ஊசி மேலே போகும்போது நாக்கு திறந்து புது நூலைக் கவ்வுகிறது; கீழே இறங்கும்போது நாக்கு மூடிப் பழைய கண்ணியை மேலே தள்ளிவிடுகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து மேத்யூ டவுன்செண்ட் 1849-இல் காப்புரிமை வாங்கிய ஊசி இது. அதற்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால், 1589-இல், நாட்டிங்ஹாம்ஷயரில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் முதல் தறியைச் செய்தார். கைப்பின்னல்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்று எலிசபெத் ராணி அதற்கு உரிமை தர மறுத்ததாகச் சொல்வார்கள். அப்படிப் பயந்ததில் என்ன தப்பு? 72 ஃபீடர், அதாவது நூல் ஊட்டும் இடம், உள்ள ஒரு மெஷின் ஒரு தடவை சுற்றி வந்தால் 72 வரிசை முடிந்துவிடுகிறது. 1,800-ஐ 72-ஆல் பெருக்கினால் 1,29,600 கண்ணி. நான் கையால் பின்னும் ஒரு ஜோடி சாக்ஸுக்கு இருபதாயிரத்துக்குச் சற்று மேல் கண்ணிகள் ஆகும். மெஷினின் ஒரே சுற்றில் என் ஐந்தாறு ஜோடி அடங்கிவிடும்.

இந்தக் கணக்கு என்னைச் சோர்வாக்கவில்லை. கண்ணி எப்படி உண்டாகிறது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் செக்கிங் மேஜையில் என் கண் கூர்மையானது. ஒரு ஊசியின் நாக்கு வளைந்தால் துணியில் நீளவாக்கில் ஏன் கோடு விழுகிறது, ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டை ஏன் ஏணிபோலக் கீழே இறங்குகிறது, சிங்கிள் ஜெர்சியின் ஓரம் ஏன் சுருண்டுகொண்டே இருக்கிறது, ரிப் துணி மட்டும் ஏன் இழுத்தால் வந்து விட்டால் போகிறது என்பதையெல்லாம் பெரியம்மா கற்றுத்தந்த இரண்டு ஊசிதான் எனக்குப் புரியவைத்தது.

பெரியம்மா இருப்பது அருவங்காட்டில். பெரியப்பா கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயரானவர். பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவ முகாம். அங்கே குடியிருந்த வடநாட்டுப் பெண்களிடம் பெரியம்மா பின்னக் கற்றுக்கொண்டார். முழுப்பரீட்சை லீவுக்குப் போகும்போதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊசியை நம்பர் சொல்லித்தான் கேட்பார்: எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர். பழைய ஆங்கிலேய முறை அது. நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும். எட்டு என்றால் 4 மில்லிமீட்டர், பன்னிரண்டு என்றால் 2.75. புதிதாகக் கற்பவர்கள் எட்டில் தொடங்குவதுதான் நல்லது. கண்ணி பெரிதாகத் தெரியும், விரலும் வலிக்காது.

இப்போது என்னிடம் ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பின்னுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். "ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததை எடுக்கலாமே அம்மிணி" என்று மாமியார் சொல்வார். ஆனால் ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு விதமான நேரத்தைக் கேட்கிறது. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது செய்யக்கூடிய பின்னல் வேறு. வீடு அடங்கிய பிறகு செய்ய வேண்டிய பின்னல் வேறு. கைவசம் ஒன்றுதான் இருந்தால் பாதி நேரம் கை சும்மா இருக்கும்.

வீடு அடங்கிய பிறகு எடுப்பது லேஸ் சால்வை. லேஸில் ஓட்டை வேண்டுமென்றே போடுவது. நூலை ஊசிமேல் ஒரு சுற்று கூடுதலாகப் போட்டால் ஓர் ஓட்டையும் ஒரு கூடுதல் கண்ணியும் வரும். அந்தக் கூடுதலைச் சரிக்கட்ட வேறோர் இடத்தில் இரண்டு கண்ணியை ஒன்றாக்க வேண்டும். கூட்டலும் கழித்தலும் வரிசைக்கு வரிசை சரியாக நின்றால்தான் இலையும் பூவும் விழும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து இழுக்கக்கூடிய அளவுக்கு மெல்லிய சால்வைகளைப் பின்னியிருக்கிறார்கள். என் சால்வையில் டிசைன் ஒருமுறை முடிந்ததும் வேறு நிறத் தையல் நூல் ஒன்றை அந்த வரிசையின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்துவிடுவேன். மேலே எது நழுவினாலும் அந்த நூலைத் தாண்டி இறங்காது. பகலெல்லாம் ஓட்டையைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணுக்கு, ராத்திரி ஓட்டைகளை வரிசையாக எழுப்புவது தனிச் சந்தோஷம்.

தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு முடிந்துவிட்டது. பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டையும் தொப்பியும் ஓடுகின்றன. இதற்கு நூல் எங்கள் ஊர் நூலேதான். ஃபேன்ஸி ஸ்டோரில் உல்லன் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். வேர்வையை உறிஞ்சாது. நம் வெயிலில் பச்சைக் குழந்தைக்கு அதைப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. யூனிட்டில் மிஞ்சும் 30 கவுண்ட் காட்டன் கோனை எடைக்கு வாங்கிவிடுவேன். அது அவ்வளவு மெலிசு: 100 கிராமிலேயே ஐந்து கிலோமீட்டர் நீளம் இருக்கும். தனி இழையாகக் கையில் பின்ன முடியாது. பன்னிரண்டு இழையைச் சேர்த்தால் 100 கிராமுக்கு 420 மீட்டர் என்ற கணக்குக்கு வரும். குழந்தைத் துணிக்கு அது சரியான பருமன். சும்மா சேர்த்தால் ஊசி முனை இழைகளுக்கு நடுவே புகுந்து பிரித்துவிடும். அதனால் ட்விஸ்டிங் போடும் இடத்தில் கொடுத்து முறுக்கேற்றி வாங்கிக்கொள்கிறேன். சட்டை முன்பக்கம் திறக்கும் மாதிரி, பட்டன் இல்லாமல் நாடா வைத்தது. தலை நிற்காத குழந்தைக்குத் தலைவழியாக எதையும் மாட்டக்கூடாது.

காட்டனில் பின்னுவதைப் பார்த்து, இது கம்பளிக்கு உரிய கலையாயிற்றே என்பவர்கள் உண்டு. உலகத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஊசிப்பின்னல் துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை; சுமார் ஆயிரம் வருஷப் பழமை. அவற்றில் பல காட்டனில், வெள்ளையும் அவுரி நீலமுமாகப் பின்னிய காலுறைகள். ஒரு காட்டன் ஊர்க்காரியாக இது தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

பயணத்துக்கு என்றால் சாக்ஸ்தான். கைப்பையில் அடங்கும்; பார்க்காமலே பின்னலாம். இந்த ஜோடி பெரியப்பாவுக்கு, கம்பளியில். இரு முனையும் கூரான குட்டை ஊசிகள் மூன்றில் 60 கண்ணிகளைப் பிரித்து வைத்து, நான்காவதால் வட்டமாகப் பின்னிக்கொண்டே போவது. மெஷினில் துணி குழாயாக இறங்குவதும் இப்படித்தான். குதிகால் வரும்போதுதான் கவனம் வேண்டும். பாதிக் கண்ணிகளை, அதாவது முப்பதை மட்டும், முன்னும் பின்னுமாகப் பின்னி ஒரு பட்டை ஆக்குவோம். பிறகு நடுவைச் சற்றுத் தாண்டிப் போய், இரண்டு கண்ணியை ஒன்றாக்கி, இன்னும் ஒன்று பின்னி, மீதியைத் தொடாமல் அப்படியே திரும்பிவிட வேண்டும். அந்தப் பக்கமும் அதேபோல. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கண்ணி கூடுதலாகத் தொட்டுக்கொண்டே போனால், முப்பது பதினெட்டாகக் குறையும்போது தட்டையாக இருந்த துணி கொட்டாங்கச்சியைப்போலக் குழிந்து நிற்கும். தையல் கிடையாது, வெட்டு கிடையாது. எத்தனை தடவை செய்தாலும் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் என்னால் அடுத்த வரிசைக்குப் போக முடியாது.

போன தடவை அருவங்காடு போனபோது மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். அவிநாசி, அன்னூர் வழியாக விடிகாலை பஸ் பிடித்து, ஏழு மணி வண்டிக்குப் போய்விட்டோம். ஊட்டி வரை 46 கிலோமீட்டர்தான். ஏற ஐந்து மணி நேரம் பிடிக்கும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் ஆரம்பிக்கிறது. வண்டி அதைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறும். குன்னூர் வரை அதே வேகம். சாக்ஸுக்கு அதைவிட நல்ல பயணம் கிடையாது. ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணி பிடிக்க நிற்கும்போது மட்டும் எல்லாவற்றையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட வேண்டும். அங்கே குரங்குகளுக்கு நூல் உருண்டையும் ஒன்றுதான், ஆரஞ்சுப் பழமும் ஒன்றுதான். எதிர் சீட்டில் இருந்த ஒரு பாட்டி, குதிகால் திரும்புவதை முழுக்கப் பார்த்துவிட்டு, "நாங்க சின்னப் புள்ளைல கூடை முடைவோம் கண்ணு, அதுலயும் மூலை திருப்புறதுதான் கஷ்டம்" என்றார். அவர் விரல்கள் மடியில் தானாகவே அந்த அசைவைச் செய்துகாட்டின.

நான்காவது வேலை பெரியம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர். இது எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. பெரியப்பா பேக்டரிக்குப் போட்டுக்கொண்டு போன சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று பெட்டியில் இருந்தது, பெரியம்மா பின்னியது. முழங்கை இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. பின்னலில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இங்கேதான் உதவியது: முடித்த முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் முழு நூலும் திரும்பி வந்துவிடும். கடையில் விற்பவை பெரும்பாலும் வெட்டி ஓவர்லாக் அடித்தவை. அவற்றை அவிழ்த்தால் துண்டு துண்டாகத்தான் வரும். கையால் உருவாக்கிய ஸ்வெட்டர் அப்படியே ஓடி வந்தது. வருஷக்கணக்கில் கண்ணியாக இருந்த நூல் சுருள் சுருளாக இருந்தது. சிட்டமாகச் சுற்றி, இளஞ்சூட்டு வெந்நீரில் நனைத்து, கொடியில் தொங்கவிட்டுக் கீழே சின்ன எடை கட்டினால் நேராகிவிடும். முழங்கைப் பகுதி நூல் மட்டும் தேறவில்லை. குறைகிற அளவுக்கு மெரூன் கம்பளி சேர்த்திருக்கிறேன்.

அளவுக்கு எலிசபெத் ஜிம்மர்மன் சொன்ன முறை. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பின்னல் ஆசிரியை அவர். உடம்புச் சுற்றளவுக்கு எத்தனை கண்ணி வேண்டுமோ அதை 100 என்று வைத்துக்கொண்டால், மணிக்கட்டுக்கு 20, மேல்கைக்கு 33 அளவில், கழுத்துக்கு 40. எங்கள் கம்பெனி பேட்டர்ன் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டு, "சரியா வருதுங்க" என்றார். அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, பத்து சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி என்று எண்ணிக்கொள்ள வேண்டும். கம்பெனியில் ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் பார்க்காமல் எந்த ரோலும் கட்டிங்குக்குப் போகாது. வீட்டிலும் அதே சட்டம்தான்.

விற்றால் என்ன என்று கேட்கிறார்கள். நூல் விலையோடு நேரத்துக்குக் கூலி போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். கூலி போடாமல் விற்றால் கைவேலைக்கே மதிப்பில்லை என்று நானே சொன்னதாகிவிடும். கொடுப்பதற்குத்தான் பின்னுகிறேன். யாருக்கு என்று தெரிந்த பிறகுதான் முதல் கண்ணியே போடுவேன்.

ஸ்வெட்டரில் உடம்பு முடிந்துவிட்டது, ஒரு கையும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் அளவு கேட்டபோது பெரியம்மா கையைப் பற்றிப் பேசவே இல்லை. "ரெண்டு பாக்கெட் வெச்சுரு கண்ணு. ஒண்ணுல நீலகிரித் தைலம், இன்னொண்ணுல போன். போன் பெருசு, பாத்து ஆழமா வை" என்றார். பாக்கெட்டுக்கு மெரூன் போதுமா என்று நூலை எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.